நடுவில் எத்தனை பேர்

எங்கள் ஊரில் ஒருவர் எத்தனை சங்கத்தில் இருக்கிறாரோ, பெயர் வாசிக்கும் நாளன்று அத்தனை பேராக இருப்பார். ஒரு சங்கம் என்றால் ஒருவர். இரண்டு என்றால் இருவர். எதிலும் சேராதவர் வழக்கம்போல் இருப்பார். வைகாசி மாதத்து முதல் சனிக்கிழமை ஆரம்பப் பள்ளி மைதானத்தில் மைக் கட்டி, ஒவ்வொரு சங்கத்தின் செயலாளரும் தன் பட்டியலை வாசிப்பார். பெயர் வர வர ஆட்கள் எழுந்து "உள்ளேன்" என்பார்கள். அடுத்த பட்டியலிலும் அதே பெயர் வந்தால், முன்பு எழுந்தவர் பேசாமல் உட்கார்ந்திருப்பார். பக்கத்திலிருந்து இன்னொருவர் எழுந்து "உள்ளேன்" என்பார். அதே முகம், அதே சட்டை, அதே தொண்டைக்கட்டு.

அப்படிக் கூடிப்போனவர்களைக் குறைப்பது என் வேலை. என் பெயர் ஞானதுரை. ஊராட்சியில் கழித்தல் எழுத்தர். ஒன்பது வருஷமாக இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்து நாற்காலி கூட்டல் எழுத்தருக்கு உரியது. அது பதினோரு வருஷமாகக் காலி. கூட்டுவதற்குத்தான் மைக் இருக்கிறதே, தனியாக ஓர் ஆள் எதற்கு என்று யாரும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. நான் அதன்மேல் சாப்பாட்டுத் தூக்கை வைத்துக்கொள்வேன்.

முன்பெல்லாம் ஊரில் இரண்டே சங்கங்கள். இறகுப்பந்துக் கழகத்தில் நாற்பது பேர், பாட்டுச் சபையில் நாற்பத்தைந்து பேர். வாசித்து முடித்ததும் மைதானத்தில் எண்பத்தைந்து பேர் நிற்பார்கள். நான் சுண்ணாம்புத் தூளால் இரண்டு வட்டம் போடுவேன், ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏறினாற்போல. இரண்டிலும் உள்ளவர்கள் நடுவில் கண் வடிவத்தில் வருகிற இடத்தில் ஜோடி ஜோடியாகப் போய் நிற்பார்கள். ஜோடிகளை எண்ணுவேன். பதினைந்து. பதிவேட்டில் 'பதினைந்து கழிக்க' என்று எழுதி மை ஒற்றும் தாளை வைத்து அழுத்தினால் பதினைந்து பேர் இருக்கமாட்டார்கள். எழுபது பேர் வீட்டுக்குப் போவார்கள். போனவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்கும் வழக்கம் இல்லை. நலமாகப் போய்ச் சேர்ந்ததாக மறுநாள் தபாலில் ஒரு கார்டு வரும், அவ்வளவுதான்.

வாசித்த பட்டியலை உடனே வாளித் தண்ணீரில் போட்டுக் கரைத்துவிட வேண்டும். இதில் மட்டும் எங்கள் ஊர்க்காரர்கள் ரொம்பக் கறார். யாராவது விளையாட்டாக எடுத்து இன்னொரு தரம் வாசித்துவிட்டால் சோற்றுக்கு எங்கே போவது? ஆகவே பெயர்கள் தங்காது. எண்ணிக்கை மட்டும் தங்கும்.

இந்த வருஷம் மூன்றாவதாக ஒரு சங்கம் முளைத்தது. மாடித்தோட்டச் சங்கம். முப்பத்தாறு பேர் சேர்ந்தார்கள். முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டவள் என் மனைவி அன்னபுஷ்பம். படிவம் என்று ஒன்றைப் பார்த்துவிட்டால் புஷ்பத்துக்குக் கை சும்மா இருக்காது. பாட்டுச் சபையில் ஏற்கெனவே இருந்தாள். இறகுப்பந்துக் கழகத்தில் ஏழு வருஷமாக இருந்தாள். எங்கள் வீட்டில் மாடி கிடையாது, ஓட்டு வீடு. அதனால் என்ன, தொட்டிகளை ஓட்டின்மேல் ஏற்றிவிட்டாள்.

நான் எதிலும் இல்லை. இருக்கவும் முடியாது. கழிக்கிறவன் கழிபடக் கூடாது என்பது விதி. வட்டம் போடும்போதுகூட என் கால் உள்ளே படக்கூடாது. வெளியே நின்று குனிந்துதான் போட வேண்டும். இடுப்பு வலி அப்படி வந்ததுதான்.

புஷ்பத்துக்கு இதில் தீராத மனக்குறை. கழகத்தில் வருஷா வருஷம் தம்பதியர் இரட்டையர் போட்டி நடக்கும். ஏழு வருஷமும் பெயர் கொடுத்தாள். ஏழு வருஷமும் பக்கத்தில் ஆள் இல்லாமல் தனியாக ஆடினாள். முன்னால் ஓடி, பின்னால் ஓடி, இரண்டு பேர் ஆட்டத்தையும் அவள் ஒருத்தியே ஆடுவாள். முதல் ஆறு வருஷம் முதல் சுற்றிலேயே தோற்றாள். இந்த வருஷம் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டாள். ஆட்டம் பெயர் வாசிக்கும் நாளன்றே, சாயங்காலம் ஐந்து மணிக்கு. எதிராளிகள் டெய்லர் தாவூதும் அவர் மனைவி சுலைகாவும். தாவூது என் சேக்காளி. ஆள் உயரம் ஆறடி, வலைக்குப் பக்கத்தில் நின்றால் கையை நீட்டினாலே போதும்.

"நீங்க ஆடவே வேண்டாம். ஒரு ஓரமா நின்னாப் போதும்," என்று முந்தின நாளெல்லாம் புஷ்பம் கேட்டுக்கொண்டே இருந்தாள். "எதிர்ல நிக்கவங்களுக்கு ரெண்டு பேரு இருக்கோம்னு ஒரு பயம் இருக்கும்லா?"

"விதி இருக்கே புஷ்பம்."

"விதியாம் விதி. ஏழு வருஷமா நானும் கேக்கேன், ஒரு வட்டத்துக்குள்ளயாவது நாம ரெண்டு பேரும் சேந்து நின்னுருக்கோமா?"

அவள் சொன்னது எனக்குச் சுருக்கென்று பட்டது என்பதை மட்டும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வாசிப்பு தொடங்கியது. பதினொன்றேகாலுக்கு முடிந்தது. மூன்று பட்டியலும் வாளிக்குப் போயின. நாற்பது, நாற்பத்தைந்து, முப்பத்தாறு. மொத்தம் நூற்று இருபத்தொரு பேர் மைதானத்தில் நின்றார்கள். பந்திக்கு அதற்குத் தக்கபடிதான் சமைத்திருந்தார்கள். கூட்டம் கொண்டாட்டமாக இருந்தது. இரண்டாக இருந்தவர்கள் ஒருவரை மரத்தடியில் தூங்க விட்டுவிட்டு மற்றவர் அரட்டையடித்தார்கள். சுலைகா பாட்டிலும் பந்திலும் இருப்பவள்; இரண்டு சுலைகாவும் உட்கார்ந்து ஒருத்திக்கு ஒருத்தி தலை பின்னிக்கொண்டார்கள்.

புஷ்பம் மூன்று பேராக இருந்தாள். மட்டையோடு ஒருத்தி, பாட்டு நோட்டோடு ஒருத்தி, பூவாளியோடு ஒருத்தி. மூன்று பேரும் எனக்கு டீ கொண்டுவந்தார்கள். மூன்றிலும் சர்க்கரை ஒரே அளவு. மூன்று டீயையும் குடித்தேன், வேறு வழி? எந்தப் புஷ்பத்தின் டீயை வேண்டாம் என்று சொல்வது? மூன்று பேரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்துச் சிரித்தபோது, உண்மையைச் சொன்னால், எனக்குப் பெருமையாக இருந்தது.

பிறகு வேலையில் இறங்கினேன். இரண்டு வட்டம் போட்டே பழகிய கை. ஆகவே இரண்டிரண்டாகப் போட்டேன். முதலில் பந்தும் பாட்டும். நடுக்கண்ணில் பதினைந்து. அழித்துவிட்டுப் பாட்டும் தோட்டமும். பதினான்கு. அதையும் அழித்துவிட்டுப் பந்தும் தோட்டமும். ஒன்பது. மூன்றையும் துண்டுத்தாளில் குறித்துக்கொண்டு மேசைக்கு வந்தேன். பதிவேட்டை விரித்தேன்.

'பதினைந்து கழிக்க' என்று எழுதி ஒற்றினேன். பாட்டு நோட்டுப் புஷ்பம் இல்லை. 'பதினான்கு கழிக்க.' பூவாளிப் புஷ்பம் இல்லை. மட்டைப் புஷ்பம் என் மேசையோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாயங்காலம் அஞ்சு மணி. மறந்துறாதீங்க. வேடிக்கை பாக்கவாவது வந்துருவீயல்லா?"

"வராம?" என்று சொல்லிக்கொண்டே 'ஒன்பது கழிக்க' என்று எழுதி ஒற்றுத்தாளை அழுத்தினேன்.

தலையை நிமிர்த்தினால் புஷ்பம் இல்லை.

கூட்டத்துக்குள் போயிருப்பாள் என்று நினைத்தேன். பந்தியில் தேடினேன். வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். ஓட்டின்மேல் தொட்டிகளில் கத்தரிச் செடிகள் இருந்தன. அடுப்படி சுத்தமாக இருந்தது. கொடியில் அவள் காயப்போட்ட என் சட்டை ஆடிக்கொண்டிருந்தது. கால் தரையில் பாவாமல் மைதானத்துக்கு ஓடிவந்தேன்.

அதற்குள் மேசையைச் சுற்றிக் கூட்டம். சைக்கிள் கடைக்காரர் தன் மனைவியைக் காணோம் என்றார். தபால்காரரின் மகள் அப்பாவைக் காணோம் என்றாள். தாவூது என் முகத்தைப் பார்த்தார்.

"என்ன வே, ஒம்ம வீட்லயுமா?"

"புஷ்பத்தக் காணோம்யா தாவூது."

தாவூது துணி அளக்கிற ஆள். எதையும் விரலால்தான் யோசிப்பார். மூன்று விரலை மடக்கினார். "பந்துல ஒண்ணு, பாட்டுல ஒண்ணு, தோட்டத்துல ஒண்ணு. மூணு பேரு வந்தாவ." பிறகு ஒவ்வொன்றாகப் பிரித்தார். "பந்தும் பாட்டும்னு ஒண்ணு கழிச்சீரு. பாட்டும் தோட்டமும்னு ஒண்ணு. பந்தும் தோட்டமும்னு ஒண்ணு. மூணு தடவ வந்தவள மூணு தடவ கழிச்சா கையில என்ன வே நிக்கும்?"

ஒன்றும் நிற்கவில்லை. இரண்டு சங்கத்தில் மட்டும் இருப்பவர் இரண்டு தடவை வந்து ஒரு தடவை போவார், ஒருவராக மிஞ்சுவார். மூன்றிலும் இருப்பவர் மிஞ்சவே மாட்டார். ஒன்பது வருஷ உத்தியோகத்தில் இது எனக்குத் தோன்றாமல் போயிற்றே என்று என் தலையில் நானே ஒரு குட்டு வைத்துக்கொண்டேன்.

ஊராட்சித் தலைவி சண்முகவடிவு அம்மாள் வந்தார். நாங்கள் பிரசிடெண்டம்மா என்போம். பந்தியில் பாதியில் எழுந்து வந்ததால் கையில் அப்பளம் இருந்தது.

"நாலு மணிக்கு நான் முத்திரை போடணும் ஞானதுரை. போட்டாச்சுன்னா அடுத்த வைகாசி வரைக்கும் அதுதான் கணக்கு. தெரியும்லா?"

தெரியும். நாலு மணிக்குள் புஷ்பம் வராவிட்டால் ஒரு வருஷத்துக்கு அவள் கிடையாது. மணி அப்போது இரண்டே கால்.

"திருப்பிக் கூட்டிரலாம்மா," என்றேன்.

"கூட்டுகதுக்கு ஒங்களுக்கு ஏது அதிகாரம்?"

அதுவும் உண்மைதான். கழித்தல் எழுத்தர் கூட்டக் கூடாது. பிரசிடெண்டம்மா அப்பளத்தைக் கடித்தபடி கொஞ்சம் யோசித்தார். பிறகு கூட்டல் எழுத்தரின் பொறுப்பை இன்று நாலு மணி வரை எனக்குக் கூடுதலாக ஒப்படைப்பதாக ஓர் உத்தரவு எழுதிக் கொடுத்தார். நான் எழுந்து பக்கத்து நாற்காலியில் இருந்த தூக்கைக் கீழே வைத்துவிட்டு அதில் போய் உட்கார்ந்தேன். உட்காரும் இடம் கொஞ்சம் உயரமாக இருந்தது.

பதிவேட்டில் அந்தப் பக்கத்தில் ஒரே ஒரு வரிதான் மிச்சம். ஆகவே ஒரே தடவைதான் கூட்ட முடியும். ஒன்று, பிறகு இன்னொன்று என்று புஷ்பம் வரும்வரை கூட்டிக்கொண்டே போகிற சோலி நடக்காது. குறைத்து எழுதினால் யாரோ வருவார்கள், யாரோ வரமாட்டார்கள். வராத ஆள் புஷ்பமாக இருந்துவிட்டால்? கூட்டி எழுதினால் ஆள் மிகுந்து வரும். கீழூரில் இருபது வருஷத்துக்கு முன்னால் இரண்டு கூடுதலாக எழுதிவிட்டார்கள். முன்பின் பார்த்திராத இருவர் வந்தார்கள். இப்போது அவர்கள்தான் அங்கே மாவு மில் வைத்திருக்கிறார்கள்.

"மூணு வீட்லதான் தேடுகாவ. மூணுன்னு எழுதிருமே," என்றார் தாவூது.

பிரசிடெண்டம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "தேட ஆள் இல்லாதவங்க இருந்தா? தேடுகத வச்சு எழுதக் கூடாது. கணக்க வச்சு எழுதுங்க."

அந்த அம்மாளுக்குப் பாட்டுச் சபையில் சுதி சேராது. ஆனால் நிர்வாகத்தில் அவரை அசைக்க முடியாது.

ஆகவே மைக்கில் அறிவித்து எல்லோரையும் மைதானத்துக்கு வரச் சொன்னோம். நான் சுண்ணாம்பு டப்பாவை எடுத்தேன். இந்தத் தடவை மூன்று வட்டத்தையும் ஒரே படத்தில் போட்டேன். ஒவ்வொன்றும் மற்ற இரண்டின்மேலும் ஏறும்படி போட வேண்டியிருந்தது. எட்டி எட்டிப் போட்டு முடிப்பதற்குள் இடுப்பு கழன்றுவிட்டது. முடித்துவிட்டுப் பார்த்தால், இரண்டிரண்டாகப் போட்டபோது ஒரு கண்ணாக இருந்த இடம் இப்போது நடுவில் ஒரு கோட்டால் வெட்டுப்பட்டு இரண்டாகியிருந்தது. மூன்று வட்டமும் சேர்கிற இடத்தில் ஒரு துண்டு. மூன்று மூலை, மூன்று பக்கமும் கொஞ்சம் உப்பலாக.

அவரவர் இடத்தில் போய் நிற்கச் சொன்னேன். பந்து மட்டும் ஆடுகிறவர்கள் இருபது பேர் பந்து வட்டத்தின் ஓரத்தில் நின்றார்கள். பாட்டு மட்டும், இருபது. தோட்டம் மட்டும், பதினேழு. பந்தும் பாட்டும் உள்ளவர்கள் தங்கள் துண்டில் பதினொருவர்; சுலைகா அங்கே நின்றாள். பாட்டும் தோட்டமும் பத்து. பந்தும் தோட்டமும் ஐந்து. தாவூது அங்கே நின்றார், வீட்டில் ஒரே ஒரு ரோஜாச் செடிதான், அதுவும் பட்டுப்போனது. எல்லாத் துண்டிலும் ஆள் இருந்தது. நடுத்துண்டு மட்டும் காலி.

எண்பத்து மூன்று பேரும் அந்தக் காலி இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சுண்ணாம்புக் கோட்டுக்குள் மண் மட்டும் இருந்தது. நானும் பார்த்தேன். அங்கே என் புஷ்பம் நிற்க வேண்டும். எத்தனை பேரோடு நிற்க வேண்டும் என்பதுதான் தெரியவில்லை.

"நூத்தி இருபத்தொண்ணுல முப்பத்தெட்டு கழிச்சீரு," என்று தாவூது தன் துண்டிலிருந்தே சத்தம் போட்டார். "பதினஞ்சு, பதினாலு, ஒம்பது. முப்பத்தெட்டு. மிச்சம் எம்பத்தி மூணு. தலையும் எம்பத்தி மூணு இருக்கு. சரிதான?"

"சரிதான். ஆனா இருக்கவேண்டியது எத்தன?"

அதற்கு ஒரு வழி இருந்தது. ஊர் எல்லையில் பலகை உண்டு. வயது வந்தோர் நூறு பேர் என்று எழுதியிருக்கும். அது மாறாது, ஒருவர் இறந்தால் ஒருவருக்கு வயது வந்துவிடும். நூறு பேரில் எந்தச் சங்கத்திலும் இல்லாதவர்களைக் கழித்தால், ஏதாவது ஒரு சங்கத்திலாவது இருக்கிறவர்கள் எத்தனை பேர் என்று கிடைத்துவிடும். அதற்கும் எண்பத்து மூன்றுக்கும் உள்ள வித்தியாசம்தான் காணாமல் போனவர்கள்.

பிரசிடெண்டம்மா தலையாட்டினார். "அப்பம் மூணு வட்டத்தயும் சுத்தி ஒரு கட்டம் போடுங்க. எதுலயும் சேராதவங்க எல்லாரும் கட்டத்துக்குள்ள, வட்டத்துக்கு வெளிய வந்து நிக்கட்டும். நானும் நிக்கேன்." அவரைச் சுதி சரியில்லை என்று சபையிலிருந்து போன வருஷமே எடுத்துவிட்டார்கள்.

நான் மைதானத்தின் நாலு பக்கமும் சுண்ணாம்புக் கோடு இழுத்து ஒரு பெரிய கட்டம் போட்டேன். கோட்டை இழுத்தபடியே பின்னால் நகர்ந்து நகர்ந்து வந்ததால், முடிந்தபோது கட்டத்துக்கு வெளியே இருந்தேன். அங்கிருந்து பார்த்தால் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. எதிலும் சேராதவர்கள் கட்டத்தின் மூலைகளில் வந்து உட்கார்ந்தார்கள். சங்கம் என்றாலே ஆகாத பால்காரர். சேர வேண்டும் வேண்டும் என்று நினைத்தே சேராமல் போன இரண்டு பேர். பிரசிடெண்டம்மா. இப்படியே எண்ணினேன். பன்னிரண்டு. சந்தேகத்துக்கு இடம் வைக்கக் கூடாது என்று மறுபடி எண்ணினேன். பன்னிரண்டு. பிரசிடெண்டம்மா உட்கார்ந்த இடத்திலிருந்து கட்டத்துக்குள் எண்ணினார். அவருக்கும் பன்னிரண்டுதான் வந்தது.

நூறில் பன்னிரண்டு போனால் எண்பத்தெட்டு. எண்பத்தெட்டில் எண்பத்து மூன்று போனால் ஐந்து.

"அஞ்சு," என்றேன்.

"அஞ்சு," என்றார் பிரசிடெண்டம்மா.

தாவூது கழுத்திலிருந்து டேப்பை உருவிக்கொண்டு நடுத்துண்டின் ஓரத்தில் குந்தி, மூலைக்கு மூலை அளந்தார். "அஞ்சு பேரு தாராளமா நிக்கலாம் வே. கொஞ்சம் லூஸாவே இருக்கும்."

மணி மூன்று நாற்பது. கூட்டல் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். என் பேனாவுக்குக் கூட்டிப் பழக்கமில்லை. எழுத வேண்டிய சொல் 'கூட்டுக'. கை தன்பாட்டில் 'க'னாவிலேயே 'கழி' என்று வளையப் பார்த்தது. இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டேன். எழுதினேன். 'ஐந்து கூட்டுக.' ஒற்றுத்தாளை வைத்தேன். ஆண்டவரே என்று ஒரு தரம் சொல்லிக்கொண்டேன். அழுத்தினேன்.

நடுத்துண்டில் சைக்கிள் கடைக்காரரின் மனைவி நின்றாள். மைதானமே கைதட்டியது. அடுத்து தபால்காரர். அவர் கையில் ஒரு கட்டுக் கார்டு இருந்தது. "நாளைக்கு வாற கார்டுதான். அங்கனயே குடுத்துட்டாவ, எனக்கு ஒரு நட மிச்சம்," என்றார்.

மூன்றாவதாக லாசர் வந்தார். டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுக்கிற லாசர். தனி ஆள், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஓர் அறையில் இருக்கிறார். அவர் வந்து நின்ற பிறகுதான் அவரையும் காணோம் என்பது எங்களுக்குத் தெரிந்தது. தாவூது தலையைக் குனிந்துகொண்டார். பிறகு ஓடிப்போய் லாசரின் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். "என்ன அண்ணாச்சி, எங்க போயிருந்தீய?" என்று சுலைகா கேட்டாள். லாசருக்கு ஒரே சந்தோஷம். "தேடுனீங்களா?" என்றார். எல்லோரும் ஒரே வாயாக "தேடுனோம்" என்றோம்.

புஷ்பம் இன்னும் வரவில்லை. நான் எழுந்து நின்றேன். மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

வந்துவிட்டாள்.

மட்டையோடு, காலையில் நின்ற அதே நிலையில், வாயைப் பாதி திறந்தபடி நின்றாள். முடி மட்டும் கொஞ்சம் கலைந்திருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஊரே பார்க்க அழுதேன். வெட்கமாவது ஒன்றாவது. கோட்டை மிதிக்கக் கூடாது என்பது மட்டும் எப்படியோ நினைவிருந்தது. கட்டத்தின் ஓரம்வரை ஓடி நின்றுகொண்டேன்.

"புஷ்பம்! நல்லாருக்கியா?"

"நல்லாருக்கேன். ஏன் அழுகீய? அங்க நல்ல காத்து. எங்க மூணு பேரையும் ஒரே பாயில உக்கார வச்சாவ. ஒருத்திக்கொருத்தி பேச விடல, எல்லாருக்கும் ஒரே நேரத்துல பேச்சு வருது." புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "மணி என்ன? அஞ்சு ஆயிட்டா?"

"ஆகல, ஆகல. நாலுதான்."

அப்போதுதான் அவளுக்குப் பக்கத்தில் ஐந்தாவது ஆள் வந்து நின்றது.

நான்தான் அது. கழகத்தின் நீலப் பனியன் போட்டிருந்தேன். தோளில் மட்டை. பனியன் பையில் பாட்டு நோட்டு மடித்துச் செருகியிருந்தது. நகக்கண்ணில் தோட்டத்து மண். இடுப்பில் வலி இருப்பதாகத் தெரியவில்லை. நன்றாக நிமிர்ந்து நின்றேன்.

கோட்டோரம் நின்ற நான் துண்டுத்தாளை ஒரு தடவை பார்த்தேன். பன்னிரண்டு பேரை எண்ணியபோது கட்டத்துக்கு வெளியே நின்றிருந்தேன். வட்டத்துக்கு வெளியே இருக்கிறவர்களில் என்னைச் சேர்க்கவில்லை. வெளியே எண்ணப்படாதவன் உள்ளே எண்ணப்பட்டிருக்கிறான். கணக்கு அப்படித்தான் போகும்.

பிரசிடெண்டம்மா எழுந்து சேலையில் ஒட்டிய சுண்ணாம்பைத் தட்டிவிட்டுக்கொண்டு, விரலை நீட்டி எண்ணினார். வட்டங்களுக்குள் எண்பத்தெட்டு. மூலைகளில் பன்னிரண்டு. கட்டத்துக்குள் நூறு. "சரியா இருக்கு," என்று சொல்லி முத்திரையை ஊதி, பதிவேட்டில் ஓங்கிக் குத்தினார். மணி நாலு. கூட்டல் பொறுப்பு முடிந்தது. நான் மேசைக்குத் திரும்பி என் பழைய நாற்காலியில் உட்கார்ந்தேன்.

நடுவில் நின்ற நான் புஷ்பத்தைப் பார்த்தேன். புஷ்பம் என்னைப் பார்த்தாள், பிறகு மேசையருகே இருந்த என்னைப் பார்த்தாள். ஏழு வருஷத்துக் கோபமும் ஒரே நொடியில் அவள் முகத்திலிருந்து இறங்கிப்போனதை நான் இரண்டு இடத்திலிருந்தும் பார்த்தேன்.

"நேரமாவுது, வாங்க," என்றாள். நாங்கள் இருவரும் போனோம்.

ஐந்து மணிக்கு ஆட்டம். முதல் செட்டைத் தாவூதும் சுலைகாவும் எடுத்தார்கள். தாவூது வலையருகே நின்று கையை நீட்டிக்கொண்டே இருந்தார். இரண்டாவது செட்டில் நான் பின்னால் போய்விட்டேன், புஷ்பம் முன்னால் வந்தாள். ஏழு வருஷமாக முன்னும் பின்னும் ஓடிப் பழகியவளுக்குப் பாதி மைதானம் என்பது எம்மாத்திரம்! அவள் போகாத பந்தெல்லாம் எனக்கு வந்தது. நான் விட்டதையெல்லாம் "பரவால்ல, பரவால்ல" என்றாள். கோட்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. "பின்னால போ! பின்னால போ!" என்று கத்தினேன். போனேன்.

"என்ன வே, ஒமக்கு நீரே கோச்சா?" என்று தாவூது வலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேலி செய்தார். அந்த நேரம் பார்த்துப் பந்து அவர் காதோரம் போய் விழுந்தது.

மூன்றாவது செட். பத்தொன்பதுக்குப் பத்தொன்பது. பிறகு எங்களுக்கு இருபது. பிறகு புஷ்பம் அடித்த பந்து வலையின் மேல்நாடாவில் தட்டி, கொஞ்ச நேரம் அங்கேயே யோசித்து, அந்தப் பக்கம் விழுந்தது. புஷ்பமும் நானும் ஜெயித்துவிட்டோம். நான் பெஞ்சின்மேல் ஏறி நின்று கை எரியும்வரை தட்டினேன்.

கோப்பையைப் பிரசிடெண்டம்மா கொடுத்தார். பித்தளையில் இரண்டு கைப்பிடி வைத்த பெரிய கோப்பை. புஷ்பம் ஒரு பிடியையும் நான் ஒரு பிடியையும் பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நின்றோம். போட்டோ எடுத்து முடிந்ததும் நான் அதைத் தூக்கிக்கொண்டு நேராகப் பெஞ்சுக்கு ஓடிவந்து என் கையில் கொடுத்தேன்.

"பிடிங்க," என்றேன். "கனமா இருக்கு."

வாங்கிப் பார்த்தேன். கனமாகத்தான் இருந்தது.